புள்ளிக்கு அப்புறம் நாலு வராது

பூர்ணிமாவுக்கு மௌனம் என்றால் பயம். குடியாத்தத்தில், வீட்டு முன்கட்டிலேயே நான்கு விசைத்தறிகள் ஓடிய குடும்பத்தில் பிறந்தவள். அங்கே சத்தம்தான் சௌக்கியம். தறி நின்றால் நூல் அறுந்திருக்கும், இல்லை கரண்ட் போயிருக்கும், இல்லை யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போயிருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே குரல் தடித்துப்போனவர்கள் அவர்கள். கணக்கு டீச்சராகி மாதனூர்ப் பக்கத்து நடுநிலைப் பள்ளிக்கு வந்து பதினோரு வருஷம் ஆகியும் அவளிடம் தறிச்சத்தம் போகவில்லை. கேள்வியைக் கேட்பாள், பிள்ளைகள் வாய் திறப்பதற்குள் பதிலையும் சொல்லிவிடுவாள். வகுப்பு ஓடிக்கொண்டே இருக்கும். ஓடினால்தான் அவளுக்கு நிம்மதி.

அதனால்தான் அந்தப் புதன்கிழமை, வட்டார வள மையத்தில் கணக்கு, அறிவியல் ஆசிரியர்களுக்கு நடந்த பணியிடைப் பயிற்சியில், அவள் நாற்பது பேர் முன்னால் மாட்டிக்கொண்டாள்.

கருத்தாளராக வந்திருந்தவர் துரைசாமி. ஏலகிரி மலைப் பள்ளியில் அறிவியல் எடுப்பவர். பூர்ணிமாவைவிட ஏழெட்டு வயது சின்னவர். மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்கிற வினோதமான பழக்கம் அவருக்கு இருந்தது. டீ வந்து, பிஸ்கட் வந்து, வருகைப் பதிவேட்டில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு அவர் ஒரே ஒரு விஷயம் சொன்னார்.

"பிள்ளைங்க கிட்ட 'எப்படி செஞ்ச?'ன்னு கேளுங்க. கேட்டுட்டு சும்மா இருங்க. மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க. அவ்ளோதான் இன்னிக்குப் பயிற்சி."

"இதுக்கா சார் ஆன் டூட்டி போட்டு வரவெச்சீங்க?" என்றார் பின் வரிசையிலிருந்து தன்சீல் அகமது. ஆம்பூரில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியர். "மதியம் பிரியாணின்னு சொல்லுங்க, ஒரு மணி நேரம்கூட சும்மா இருக்கேன்."

கூடம் சிரித்தது. இரண்டிரண்டு பேராகச் செய்து பார்க்கச் சொன்னார் துரைசாமி. தன்சீலுக்கு ஜோடியாக வந்தவள் பூர்ணிமா. தன்சீல்தான் பிள்ளை, அவள் டீச்சர். தன்சீல் கைபேசியில் நேரம் பார்க்க ஆயத்தமானார்.

"முப்பத்தாறுல மூணுல ஒரு பங்கு எவ்ளோ, எப்படி செஞ்சே?" என்றாள் பூர்ணிமா. தன்சீல் மோட்டுவளையைப் பார்த்தார். "முப்பத்தாறை மூணால வகுக்கணும், பன்னண்டு," என்றாள் பூர்ணிமா.

"ஒன்னரை செகண்டு!" தன்சீல் கைபேசியைத் தூக்கிக் காட்டினார். "எங்க வூட்டு மிக்ஸிகூட இதைவிட ஜாஸ்தி ரெஸ்ட் எடுக்கும் டீச்சர்."

மறுபடி செய்தாள். மூன்று செகண்டு. மறுபடி. இரண்டு. சிரிப்பு அடங்கவேயில்லை. அவளும் சிரித்தாள், காதுமடல்கள் மட்டும் சூடாகிவிட்டன.

"முப்பத்தெட்டுப் பிள்ளைங்க சார் எனக்கு," என்றாள் துரைசாமியிடம். "சும்மா நின்னா எவனாவது கத்துவான். போர்ஷனை யார் முடிக்கிறது?"

துரைசாமி உடனே பதில் சொல்லவில்லை. அப்புறம், "எனக்கும் வராது டீச்சர். அதனாலதான் எண்ணுறேன்," என்றார்.

பயிற்சி இரண்டு கட்டம். புதன் ஒரு நாள், சனி ஒரு நாள். நடுவில் இரண்டு நாள் பள்ளி. அந்த இரண்டு நாளில் ஒவ்வொருவரும் தன் வகுப்பில் ஒரு தப்பான விடையை எடுத்து, அந்தப் பிள்ளையிடம் எப்படிச் செய்தது என்று கேட்டு, காத்திருந்து, வந்ததை எழுதிக்கொண்டு வர வேண்டும்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது தலைமையாசிரியர் கனகராஜ் போன் செய்தார். "அந்த லிஸ்ட் சனிக்கிழமைக்குள்ள ஏத்தணும் டீச்சர். மறந்துடாதீங்க."

கண்டறியும் தேர்வில் பத்துக்கு நாலுக்குக் கீழே எடுத்த பிள்ளைகளின் பட்டியல் அது. பெயர் சேர்ந்தால் அந்தப் பிள்ளைக்குத் தனிப் புத்தகம், தனி வரிசை, வருஷக் கடைசிவரை தனிக் கேள்வித்தாள். நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்டதுதான். ஏழாம் வகுப்பிலிருந்து ஆறு பெயர்களைப் பூர்ணிமா எழுதி, வகுப்பிலும் சொல்லியிருந்தாள். முதல் பெயர் நிஷா, பத்துக்கு இரண்டு.

மறுநாள் ஏழே முக்காலுக்கு அவள் பஸ்ஸை விட்டு இறங்கினாள். அதை விட்டால் அடுத்த பஸ் ஒன்பதரைக்குத்தான். அந்த நேரத்தில் நிறுத்தத்தில் கம்பெனி பஸ்ஸுக்காக ஷூ கம்பெனிப் பெண்கள் நிற்பார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் கூடை, முந்தானையையும் துப்பட்டாவையும் தாண்டி முகத்தில் இன்னும் விலகாத தூக்கம். அந்தக் கூட்டத்திலிருந்து ஒருத்தி வந்து அவள் எதிரே நின்றாள்.

"டீச்சர், என்னைத் தெரியுதா?"

தெரிந்தது. கிறிஸ்டினா. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஏழாவதில் இருந்தவள். நிஷாவின் அக்கா.

"நல்லா இருக்கியாம்மா? ஸ்டிச்சிங்கா?"

"கட்டிங் டீச்சர்." அவள் அட்டையின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டாள். "நிஷா பேரை அந்த லிஸ்ட்ல எழுதியிருக்கீங்கன்னு சொன்னா. எழுதாதீங்க டீச்சர்."

"அது தண்டனை இல்லம்மா, அவளுக்கு உதவிக்குத்தான்…"

"எனக்கும் அப்படித்தான் சொன்னீங்க." குரலில் கோபமில்லை. "அந்த புக்கு கையில வந்த அன்னிக்கே நான் மக்குன்னு எனக்கு முடிவாயிடுச்சு. ஒன்பதாவதோட நின்னுட்டேன். அம்மா அழுதாங்க, நான் அழல. நம்மளுக்கு வராதுன்னுதான் இருந்துச்சு. அவளுக்கு அப்படி ஆவ வேணாம். அதான்."

பஸ் வந்துவிட்டது. பூர்ணிமா ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் கிறிஸ்டினா ஏறிப் போய்விட்டாள்.

சத்துணவு முடிந்து பிள்ளைகள் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த நேரம். பூர்ணிமா நிஷாவை மட்டும் வகுப்பில் உட்காரவைத்து விடைத்தாளை மேசைமேல் விரித்தாள். ஒடிசலான பெண். கூப்பிட்டால் வருவாள், கேட்டால் பேசமாட்டாள். தாள் முழுக்கச் சிவப்பு. 5.3 + 4.2 = 10.1. 2.5 + 1.3 = 5. 8.1 − 3.2 = 4.3. எல்லாவற்றுக்கும் மேலே, 0.6 + 0.6 = 3. இரண்டு மட்டும் சரி: 4.1 + 3.2 = 7.3, இன்னொன்றும் அதே போல. அந்த இரண்டையும் பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதியிருப்பாள் என்று பூர்ணிமா தீர்மானித்திருந்தாள்.

முதல் கணக்கில் விரலை வைத்தாள். "இதை எப்படி செஞ்சே?"

நிஷா தாளைப் பார்த்தாள்.

ஒன்று, இரண்டு, மூன்று. புள்ளிக்கு நேராகப் புள்ளி வெச்சியா என்ற கேள்வி பூர்ணிமாவின் நுனிநாக்குக்கு வந்துவிட்டது. விழுங்கினாள். நான்கு. ஐந்து. வெளியே குழாயடியில் தட்டுகள் உரசின. யாரோ யாரையோ துரத்தினார்கள். ஏழு. பாலாற்றுப் பக்கமிருந்து காற்று திரும்பி, தோல் வாடை ஜன்னல் வழியாக வந்து போனது. பத்து. ஒன்றும் நடக்கவில்லை. பத்துக்கு அப்புறம் என்ன செய்வதென்று துரைசாமி சொல்லியிருக்கவில்லை. அவள் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.

இரண்டாம் முறை நாலோ ஐந்தோ எண்ணும்போது நிஷாவின் உதடு அசைந்தது.

"அஞ்சே முக்காலு… நாலரை… பத்தே காலு."

"இன்னா சொன்ன?"

நிஷா மிரண்டு வாயை மூடிக்கொண்டாள். பூர்ணிமா தன்னைத்தானே நொந்துகொண்டு, மறுபடி எண்ண ஆரம்பித்தாள். இந்த முறை அதிக நேரம் ஆகவில்லை.

"அஞ்சே முக்காலும் நாலரையும் பத்தே கால் டீச்சர்."

பூர்ணிமா மனதுக்குள் கூட்டினாள். ஐந்தே முக்கால், நாலரை. பத்தே கால்தான். தாளைப் பார்த்தாள். 10.1. மறுபடி கூட்டினாள்.

"இது?" 0.6 + 0.6-ஐக் காட்டினாள்.

"ஆறு காலும் ஆறு காலும் பன்னண்டு காலு. மூணு."

"இது?"

"எட்டே கால்ல மூணரை போச்சுன்னா நாலே முக்காலு."

ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒவ்வொன்றும் சரியாக வந்தது. அந்தப் பெண் காகிதம் பார்க்காமல், கண்ணை ஜன்னல் கம்பியில் வைத்தபடி சொல்லிக்கொண்டே போனாள், பூர்ணிமாவைவிட வேகமாக.

"யார் சொல்லிக் குடுத்தது?"

"அப்பா நோட்டு டீச்சர்."

அப்பா ராஜேஷ் ஆம்பூரில் ஒரு தோல் மண்டியில் அளவுக்காரர். தோல் ஒவ்வொன்றும் மிஷினுக்குள் போய் வெளியே வரும்போது அதன் பரப்பு எத்தனை சதுர அடி என்று விழும். அதைத் தோலின் மூலையில் எழுதி, நோட்டிலும் ஏற்ற வேண்டும். முழு அடி முதலில், ஒரு புள்ளி, அப்புறம் கால் கணக்கு.

"புள்ளிக்கு அப்புறம் ஒன்னுன்னா கால். ரெண்டு அரை. மூணு முக்கால்," என்றாள் நிஷா. இவ்வளவு நீளமாக அவள் பேசி பூர்ணிமா கேட்டதில்லை. "நாலு வராது டீச்சர். நாலு வந்தா ஒரு அடி ஆயிடும். இந்தப் பேப்பர்ல அஞ்சு, ஆறெல்லாம் போட்டிருந்துச்சு. நானே அடியாக்கிக்கிட்டேன்."

"வீட்ல நீதான் கூட்டுவியா?"

"சனிக்கெழம அப்பா நோட்டு கொண்டாருவாரு. மேஸ்திரி போட்ட டோட்டல் சரியான்னு பார்ப்போம். முன்ன அக்கா கூட்டும். இப்ப நானு. அக்காதான் கத்துக் குடுத்துச்சு."

பூர்ணிமா பேனாவை மூடி வைத்தாள்.

"ஏன்டி இதை எங்கிட்ட சொல்லல?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். இந்த முறை எண்ணவில்லை.

"சொன்னா அப்பா கணக்கு தப்புன்னு சிவப்புல போட்டுடுவீங்க," என்றாள் நிஷா. "அப்புறம் அப்பா வேலை…" முடிக்கவில்லை.

கரும்பலகையில் இரண்டு கோடுகள் வரைந்தாள் பூர்ணிமா. ஒன்றை நாலாகப் பங்கிட்டாள். இன்னொன்றைப் பத்தாக. "உங்க அப்பா கணக்கு ரொம்ப சரி. அங்க ஒரு அடியை நாலாப் பிரிக்கிறாங்க. இந்தப் புஸ்தகத்துல ஒன்னைப் பத்தாப் பிரிக்கிறாங்க. அவ்ளோதான் வித்தியாசம்."

நிஷா இரண்டு கோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப இங்க புள்ளிக்கு அப்புறம் ஒன்பது வரைக்கும் போலாமா?"

"போலாம்."

"அதை முன்னயே சொல்லியிருக்கலாமே டீச்சர்," என்றாள். குறையாகச் சொல்லவில்லை, ஆச்சரியமாகத்தான் சொன்னாள். தட்டுக் கழுவ ஓடிவிட்டாள்.

பூர்ணிமா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். ஆறு வருஷத்துக்கு முந்தின ஒரு மத்தியானம் ஞாபகம் வந்தது. விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு ஆசிரியர் அறைக்குள் நுழைந்து, "கேட்டீங்களா, பூஜ்யம் புள்ளி ஆறும் பூஜ்யம் புள்ளி ஆறும் மூணாம்!" என்று அவள் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல வேடிக்கையாகத்தான் இருந்தது. அடுத்தடுத்து நாலைந்து நாள் அது அறைக்குள் புழங்கியது. அந்தத் தாளின் மேலே எழுதியிருந்த பெயரை இப்போது அவளால் படிக்க முடிந்தது.

வெள்ளிக்கிழமை நிஷாவுக்கு மட்டும் புதிதாகப் பத்துக் கணக்கு கொடுத்தாள். எட்டு சரி. ஒன்றில் பெருக்கல் வாய்ப்பாடு தடுமாறியிருந்தது. இன்னொன்றில், 7.3 + 2.1க்கு, பழக்கதோஷத்தில் பத்து என்று எழுதிவிட்டு அடிக்க மறந்திருந்தாள். இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் போனாள்.

"ரெண்டு நாள்ல ரெண்டு மார்க்கு எட்டு ஆவுமா டீச்சர்?" என்றார் கனகராஜ். "மேல கேட்டா நான் இன்னா பதில் சொல்றது? பேஜாராயிடும்."

அவள் விளக்கினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பழைய தாளை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். உதடுகள் அசைந்தன. "அஞ்சே முக்கால்… நாலரை…" நிமிர்ந்தார். "பத்தே கால்தான்." தாளை மேசைமேல் வைத்தார். "நான் இந்த ஊருக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆவுது," என்றார், யாரிடமோ சொல்வது போல.

பட்டியலிலிருந்து பெயரை எடுக்க அவர் சம்மதித்தார். நீக்கியதற்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. பூர்ணிமா பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தாள். நான் கேட்காமல் சேர்த்துவிட்டேன் என்று எழுத வேண்டும். அப்படித்தான் மனதில் ஓடியது.

"'மறுதேர்வில் முன்னேற்றம்'னு எழுதிடுங்க டீச்சர். வில்லங்கம் இல்ல," என்றார் கனகராஜ்.

அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நிஷா தப்பிவிட்டாள். ஆனால் வீடு போகும் வரை அந்த இரண்டு வார்த்தைகளும் செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி உறுத்திக்கொண்டே வந்தன. முன்னேற்றமாம். யாருடைய முன்னேற்றம்?

சனிக்கிழமைப் பயிற்சியில் ஒவ்வொருவராக எழுந்து தாங்கள் கொண்டுவந்த தப்பைச் சொன்னார்கள். கடன் வாங்கிக் கழிப்பதில் தப்பு, வாய்ப்பாட்டில் தப்பு, கவனக்குறைவு. பூர்ணிமாவின் முறை வந்தபோது அவள் இரண்டு தாளையும் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் போனாள். ராத்திரி உட்கார்ந்து ஒரு நல்ல அறிக்கை தயார் செய்திருந்தாள். காத்திருப்பின் பயன்கள் என்று தலைப்பு வைத்து ஐந்து குறிப்புகள். அதைப் பிரிக்கவில்லை.

கணக்குகளைப் பலகையில் எழுதினாள். தோல் மண்டி நோட்டைப் பற்றிச் சொன்னாள். "இந்தப் பொண்ணு பேரை எடுத்துட்டேன்," என்றாள். "ஆனா இதே தப்பை ஆறு வருஷத்துக்கு முன்னால இவ அக்கா செஞ்சா. அவ பேரை எடுக்கல. இதைத் தமாஷா சொல்லிச் சிரிச்சேன். அவ இப்ப ஷூ கம்பெனியில இருக்கா. நான் ஒரு தடவைகூட அவகிட்ட 'எப்படி செஞ்சே?'ன்னு கேக்கல."

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

மின்விசிறி ஒன்று மட்டும் கடகடத்தது. தன்சீல் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைப்பார் என்று பூர்ணிமா ஒரு கணம் ஏங்கினாள். அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். துரைசாமி மைக்கைக் கீழே வைத்துவிட்டார்.

வெகுநேரம் கழித்துத் தன்சீல் எழுந்தார். "எங்க சாச்சா, அப்பாவோட தம்பி, இதே அளவு வேலைதான் பார்த்தாரு," என்றார். "இந்தக் கால் கணக்கு சின்ன வயசுலயே எனக்குத் தெரியும் டீச்சர். வூட்ல தெரியும். ஸ்கூலுக்குள்ள வந்தா தெரியாது. பதினாலு வருஷமா நானும் தப்புதான் போட்டுட்டு இருந்திருக்கேன்." உட்கார்ந்துகொண்டார். அப்புறம் முன் வரிசையில் ஒரு டீச்சர் கைப்பையிலிருந்து தன்னுடைய விடைத்தாள் கட்டை எடுத்து, மடியில் வைத்து ஒவ்வொன்றாகப் புரட்ட ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தர். சற்று நேரத்தில் கூடம் முழுக்கக் காகிதம் சலசலத்தது.

திங்கட்கிழமை ஏழே முக்கால். கிறிஸ்டினா அதே இடத்தில் நின்றிருந்தாள். பூர்ணிமா நேராக அவளிடம் போனாள்.

"பேரை எடுத்துட்டேன்மா."

"நிஷா சொன்னா டீச்சர்."

"உன் கணக்கும் அன்னிக்கு சரிதான். உங்க அப்பா கணக்குப்படி ஒவ்வொன்னும் சரி. நான்தான் கேக்கல."

கிறிஸ்டினா ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். அடையாள அட்டையின் கயிறு அவள் விரலில் சுற்றிச் சுற்றி இறுகியது, பிறகு தளர்ந்தது.

பூர்ணிமாவுக்குள் வார்த்தைகள் வரிசை கட்டி நின்றன. தனித்தேர்வு எழுதலாம்மா, வயசு ஒன்னும் ஆவல, நான் சொல்லித் தர்றேன், மனசுல வெச்சுக்காத. ஒவ்வொன்றும் நல்ல வார்த்தைதான். ஒவ்வொன்றும் தன் பாரத்தை இறக்கிவைக்கத்தான் வருகிறது என்று அவளுக்கே தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். லாரி ஒன்று போனது. பால்காரர் வண்டியை நிறுத்தி, டீக்கடையில் கேனை இறக்கிவிட்டுக் கிளம்பினார். கூட நின்ற பெண்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

கம்பெனி பஸ் வந்து நின்றது. எல்லோரும் ஏறினார்கள். கடைசியாகக் கிறிஸ்டினா படியில் ஒரு காலை வைத்தாள். கம்பியைப் பிடித்தபடி திரும்பினாள்.

"ஞாயித்துக்கெழம எனக்கு லீவுதான் டீச்சர்," என்றாள். "கோயிலுக்குப் போயிட்டு பத்து மணிக்கு மேல வீட்லதான் இருப்பேன்."

பஸ் கிளம்பிவிட்டது. பூர்ணிமா தலையை மட்டும் அசைத்தாள்.